அத்தை கல்யாணத்துக்கு வந்த மேளம்

போன மாதம் ஒரு கிரகப்பிரவேசத்தில் அந்தக் கதையை மறுபடியும் கேட்டேன். சொன்னவர் சாஸ்திர அங்கிள். எண்பதைத் தாண்டிவிட்டார். காது மந்தம், முழங்கால் இரண்டையும் மாற்றியாகிவிட்டது, கதை மட்டும் தேயாமல் இருக்கிறது. "தாலி கட்டற நேரத்துல ஒரு வெள்ளைக்காரன் இழவுப் பாட்டை வாசிச்சான் பாருங்கோ!" என்று ஆரம்பித்து, தொடையைத் தட்டிச் சிரித்து, சுற்றி இருந்தவர்களையும் சிரிக்க வைத்து, ஒரு கரண்டி கேசரியை வாயில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அப்பா, முதல்முறை கேட்பவரைப் போலத் தலையை ஆட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் வயதுக்காரர்களே, நீங்களும் இந்தக் கதையை எங்காவது ஒரு பேஸ்மெண்டில் கேட்டிருப்பீர்கள். நாமெல்லாம் ஸ்டேஷன் வேகனின் பின்பக்கத்தில் சீட் பெல்ட் இல்லாமல் உருண்டு வளர்ந்தவர்கள். பெரியவர்கள் பேசும்போது நம்மைக் கோட்டுகள் குவிந்த படுக்கையில் படுக்கப் போட்டுவிடுவார்கள். குழந்தைகளுக்கு என்ன புரியப் போகிறது என்ற நம்பிக்கை. அந்த வீடுகளில் அப்போது நடந்தது யாருக்காவது புரிந்தது என்றால் நமக்குத்தான் புரிந்தது. ஆகவே ஆளுக்கொரு தட்டு முறுக்கை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நடந்ததை நான் சொல்கிறேன். அங்கிள் வசதியாக விழுங்கிவிடுகிற இடங்களையும் சேர்த்து.

எண்பதுகளின் நடுப்பகுதி. நியூ ஜெர்ஸி. திருச்சியிலிருந்து நாங்கள் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்குப் பத்து வயது. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை என்று வீட்டில் நாலு பேர்.

அத்தைக்கு ஊரைக் கூட்டிக் கல்யாணம் செய்திருந்தார்கள். அடுத்த வருஷமே, ஒரு மழை நாளில், ஸ்கூட்டரில் போன புருஷன் திரும்பி வரவில்லை. பிறகு சில காலம் பெரியப்பா வீட்டில் இருந்தாள். அப்பா அவளை அமெரிக்காவுக்கு வரவழைத்தார். அதைப் பற்றிய பெருமை அப்பாவுக்கு இன்றுவரை குறையவில்லை. குறைய வேண்டியதும் இல்லை, நல்ல காரியம்தான். ஆனால் அதோடு சேர்த்து ஒரு சட்டமும் போட்டார். செத்துப்போன அந்த மனிதரின் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் அத்தையின் மனம் நோகுமாம். நோகுமா என்று அத்தையை யாரும் கேட்கவில்லை. அவர் படம் ஒன்று அவளுடைய பெட்டியின் அடியில், சேலைக்குக் கீழே இருந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அவளோடு ஒரே அறையில் படுத்தேன்.

அத்தைக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தது. அங்கே எக்ஸ்ரே பிரிவில் இருந்தவர்தான் பிற்பாடு எனக்கு மாமா ஆனார். யாழ்ப்பாணத்துக்காரர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தவர். வந்த மறு வருஷம் அங்கே அவருடைய அம்மா இறந்துபோனார். அவரால் போக முடியவில்லை. அவர் அதிகம் பேசமாட்டார். பேசினாலும் எனக்குப் பாதிதான் புரியும், மீதிப் பாதியை அத்தை சிரித்துக்கொண்டே சொல்வாள். அவள் சிரித்து நான் பார்த்ததே அவர் வந்த பிறகுதான்.

அப்பா சம்மதித்தார். நான் முற்போக்கானவன் என்று சங்கத்துப் பொங்கல் விழா மைக்கிலேயே சொன்னார். ஊரிலிருந்து பெரியப்பா ட்ரங்க் காலில் கத்தினார். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தாலும் கேட்கும். "செய். நான் வேணாம்னு சொல்லலை. ஆனா சத்தமில்லாம செஞ்சு முடி." போனை வைத்ததும் அப்பா, தானே யோசித்துக் கண்டுபிடித்ததைப் போலச் சொன்னார்: "கோர்ட் ஹவுஸ்ல ரெஜிஸ்டர் பண்ணிடுவோம். வந்து வீட்டுல லஞ்ச். சிம்பிளா."

"எனக்கு மேளம் வேணும்ணா" என்றாள் அத்தை.

"என்னது?"

"மேளம். தாலி கட்டறப்ப கெட்டி மேளம் கேக்கணும். மத்தது எல்லாம் உங்க இஷ்டம்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் கஷ்டமான விஷயம் வந்தால் இரண்டு பேரும் பார்க்கும் இடங்கள் இவைதான்.

காரணத்தை அத்தை அம்மாவிடம் மட்டும் சொன்னாள், இரண்டு பேரும் பீன்ஸ் நறுக்கும்போது. எதிரே நான் ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தேன். "அவர் போனப்புறம் தெருவுல கல்யாண மேளம் வந்தா என்னை உள்ள போகச் சொல்லுவாங்க அண்ணி. சமையக்கட்டுல நின்னு கேட்டுட்டு இருப்பேன். ஒரு தடவையாவது முன்னால உக்காந்து கேக்கணும். எனக்காக வாசிக்கிறதா இருக்கணும்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "அதுக்காக இந்த ஊர்ல மேளத்துக்கு எங்க போறது? கேசட் இருக்கே."

"கேசட்டுக்கு நம்ம வீட்டுல கல்யாணம்னு தெரியுமா அண்ணி?"

அந்தக் கேசட்டை உங்களுக்கும் தெரியும். எல்லார் வீட்டிலும் அதே கேசட்தான். யாரோ ஊரில் ரெக்கார்டு செய்ததை, யாரோ காப்பி எடுத்து, அதிலிருந்து இன்னொருவர் எடுத்தது. நாதஸ்வரத்துக்கு நடுவே ஒருவர் இருமுவார். கெட்டி மேளம் உச்சத்துக்குப் போகும்போது குக்கர் ஒன்று விசில் அடிக்கும். நியூ ஜெர்ஸியில் அந்தக் காலத்தில் நடந்த எல்லாத் தமிழ்க் கல்யாணத்திலும் அந்தக் குக்கர் விசில் அடித்தது.

சனிக்கிழமைக் காலைகளில் அத்தை என்னைக் குழல் வகுப்புக்குக் கூட்டிப் போவாள். அத்தையோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தி, அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து வந்தவள். அவளுடைய அண்ணன் வார நாட்களில் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பார், சனிக்கிழமைகளில் சர்ச் ஹாலில் அவர்கள் ஊர் இசையைக் குழந்தைகளுக்குச் சொல்லித் தருவார். நர்ஸ் அத்தையிடம் சொல்ல, அத்தை அம்மாவிடம் சொல்ல, ஒரு காலை நேரம் நான் வீட்டில் இருக்கமாட்டேன் என்ற ஒரே காரணத்துக்காக அம்மா உடனே சரி என்றாள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கமே அந்த வீட்டில் இல்லை என்பதை இதற்குள் கவனித்திருப்பீர்கள்.

ஆறு துளை போட்ட தகரக் குழல். நோட்டுப் புத்தகம் கிடையாது. அவர் ஒரு துண்டு வாசிப்பார், நாங்கள் திருப்பி வாசிக்க வேண்டும். தப்பினால் திட்டமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அதே துண்டு. மறுபடி. மறுபடி. நான் வாசித்தால் கண்ணை இன்னும் இறுக்கி மூடுவார். அந்த ஹாலில் தரைக்குப் போடும் மெழுகும் ஆறிப்போன காபியும் கலந்து ஒரு வாசனை. இரும்பு மடக்கு நாற்காலிகள் மார்கழிக் குளிரில் தொடையில் ஒட்டிக்கொள்ளும்.

அவருக்கும் அவருடைய தலைவலிகள் இருந்தன. சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் எல்லாம் அயர்லாந்தைக் கண்ணால் பார்க்காத ஐரிஷ்காரர்கள். மார்ச் மாதம் வந்தால் போதும், பிள்ளைகளுக்குப் பச்சைத் தொப்பியைப் போட்டுக் கூட்டி வந்து, அவர் ஊரில் யாரும் பாடாத பாட்டுகளைக் கேட்பார்கள். "என் பாட்டி இதைத்தான் பாடுவாள்" என்று ஒரு அம்மா பிடிவாதம் பிடித்தாள். அவர் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். ஊரை விட்டு வந்தவனிடம், அவனுடைய ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று இன்னொருவர் பாடம் எடுப்பது எவ்வளவு எரிச்சல் என்பது எனக்கு அப்போதே புரிந்தது. எங்கள் சங்கத்திலும் அதே கூத்துதான்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அவர் ஒரு பெட்டியைத் திறந்து தன்னுடைய பைப்பை எடுத்தார். வாயால் ஊதுவது இல்லை. வலது முழங்கைக்கு அடியில் ஒரு சின்னத் துருத்தி, இடது கைக்கு அடியில் காற்றுப் பை, தொடைமேல் ஊன்றிய குழல், குறுக்கே மடியில் கிடக்கும் சில கட்டைக் குழல்கள். நாற்காலியில் உட்கார்ந்து, பெல்ட்டால் எல்லாவற்றையும் உடம்போடு கட்டிக்கொண்டார். நாணல் சீவாளியை ஒரு காலி பிலிம் டப்பாவில் பஞ்சு வைத்துப் பத்திரமாக வைத்திருந்தார். அமெரிக்க ஹீட்டர் காற்றில் அது காய்ந்து வெடித்துவிடுமாம், அதைத் திட்டுவதற்கென்றே அவரிடம் தனியாகக் கொஞ்சம் வார்த்தைகள் இருந்தன.

துருத்தியை அமுக்கினார். முதலில் சுருதி மட்டும் எழுந்தது, ஒரே ஸ்வரம், ஹாலின் தரையிலிருந்து வருவது போல. அத்தை எழுந்து நின்றுவிட்டாள்.

"ஒத்துடி" என்றாள் என் தோளைப் பிடித்து. "மேளக்காரர் பக்கத்துல ஒருத்தர் ஒத்து ஊதுவாரே, அதேதான்."

பிறகு அவர் வேகமான ஒரு பாட்டை எடுத்தார். அவர் தங்கை, அந்த நர்ஸ், ஒரு உறையிலிருந்து வட்டமான தோல் வாத்தியம் ஒன்றை எடுத்து முழங்காலில் நிறுத்தி, சின்னக் குச்சியால் அடிக்க ஆரம்பித்தாள். பௌரான் என்று பெயர், ஆட்டுத் தோல். பிள்ளைகள் கையைத் தொங்கவிட்டபடி காலால் மட்டும் குதித்து ஆடினார்கள். அத்தை ஆடவில்லை. நேராக அவர் முன்னால் போய் நின்று, முடிகிற வரை கேட்டு, முடிந்ததும் தன் கல்யாணத்துக்கு வாசிக்க முடியுமா என்று கேட்டாள்.

அவர் சிவந்துபோனார். எங்கள் ஊரில் பைப் வாசிப்பவன் இல்லாமல் கல்யாணம் நடக்காது, இங்கே வந்த பிறகு அதற்காக ஒருவரும் கூப்பிட்டதில்லை, கட்டாயம் வருகிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து அத்தை விஷயத்தைச் சொன்னதும் மீட்டிங் போட்டார்கள். சனிக்கிழமை ஒரு மீட்டிங், ஞாயிற்றுக்கிழமை ஒரு மீட்டிங். எதற்கெடுத்தாலும் மீட்டிங், மீட்டிங்குக்கு மிக்சர், மிக்சருக்குக் காபி, காபிக்கு அம்மா. தலைமை தாங்கியவர் சாஸ்திர அங்கிள். ஷாம்பூ தயாரிக்கும் கம்பெனியில் கெமிக்கல் என்ஜினீயர், சனி ஞாயிறில் புரோகிதர். சுற்றுவட்டாரத்தில் மந்திரம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவர் சொன்னதுதான் வேதம்.

"வாயில வைக்காம எப்படி ஓய் வாசிக்கிறது?" என்று அங்கிள் கேட்டார். அப்பா முழங்கையை ஆட்டிக் காட்டினார். அங்கிள் கண்ணை மூடி யோசித்தார். "எச்சில் படறதில்லை. அந்த வகையில நம்ம நாதஸ்வரத்தை விட ஆசாரம்தான். வரச் சொல்லுங்கோ."

இப்படியாக அத்தைக்கு மேளம் கிடைத்தது. அவள் அன்றைக்குத் தோசையைத் திருப்பும்போது முணுமுணுவென்று பாடினாள். அம்மா இன்னொரு தோசைக்கு மாவு ஊற்றினாள்.

மேளம் என்று ஆனதும் வீட்டு லஞ்ச் சர்ச் ஹால் கல்யாணமாகிவிட்டது; முதல் நாள் மாலை எல்லாரும் அங்கே கூடினோம். வாலிபால் கம்பங்களை நட்டு, அம்மாவின் பட்டுச் சேலைகளைக் கட்டி மணவறை ஆக்கினார்கள். ஹோமத்துக்கு வான்கோழி சுடுகிற அலுமினியத் தட்டு. சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய கார்னேஷன் பூக்களை அம்மாவும் நானும் பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலில் கோத்தோம். புதினா வாசனை வரும் மாலை. அத்தையும் மாமாவும் நாற்காலி போட்டார்கள்.

பைப் வாசிப்பவரும் அவர் தங்கையும் வந்து உட்கார்ந்தார்கள். அவள் உறையிலிருந்து அந்தத் தோல் வாத்தியத்தை எடுத்தாள். அவ்வளவுதான், சாஸ்திர அங்கிள் கையிலிருந்த தர்ப்பைக் கட்டைக் கீழே போட்டார்.

"பறை! இது பறைன்னா!"

அப்பா கிட்டே போய்ப் பார்த்தார். வட்டம், ஆட்டுத் தோல், குச்சி. அவருக்கும் முகம் மாறிவிட்டது. "ஆமா. சாவுக்கு அடிக்கிறது."

சாவுக்கு அடிக்கிறதாம். அதை அடித்தவர்களைத் தெருவுக்கு வெளியே நிறுத்தி வைத்து, சாவுக்கு மட்டும் கூப்பிட்டது யார்? கடல் தாண்டி வரும்போது ஊறுகாயோடு இதையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். கஸ்டம்ஸில் ஊறுகாயைத்தான் பிடுங்கினார்கள். அயர்லாந்தில் ஓர் ஆட்டின் தோலை யாரோ ஒரு வளையத்தில் கட்டியதற்கும் நம் ஊர்த் தீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அந்த ஹாலில் ஆள் இல்லை. இல்லை, ஓர் ஆள் இருந்தாள்.

"அந்த ட்ரம் சேர்ந்தாத்தான் மேளம்" என்றாள் அத்தை. "நான் அதைக் கேட்டுத்தான் கூப்பிட்டேன்."

"மேளம் கேட்டே, குடுத்தாச்சு" என்றார் அப்பா. "இதுக்கு மேல அடம் பிடிக்காதே. ஏற்கெனவே நாலு பேர் நாலு விதமா பேசறாங்க."

சாஸ்திர அங்கிள் அவர்களிடம் இங்கிலீஷில் பக்குவமாகச் சொன்னார். ட்ரம் வேண்டாம். அந்தக் குதித்து ஆடுகிற பாட்டு வேண்டாம், சபையில் நன்றாக இருக்காது. உங்களிடம் இருப்பதில் மிகப் பழமையானது, மிகப் புனிதமானது எதுவோ அதை வாசியுங்கள், நான் விரலைத் தூக்கும்போது ஆரம்பியுங்கள், அந்த நேரத்தில் வேறு எதுவும் யார் காதிலும் விழக் கூடாது. தங்கை பௌரானை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். பல வீடுகளில் இதைப் பார்த்துப் பழகியவள் முகம் அது.

அவர்கள் கிளம்பும்போது அத்தை வாசல் அருகே பைப் வாசிப்பவரை நிறுத்திப் பேசினாள். அவர் முதலில் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அத்தை விடாமல் பேசினாள். பிறகு அவர் மாமாவைப் பார்த்தார். மாமா மெல்லத் தலையசைத்தார். பூ கோத்துக்கொண்டே நான் பார்த்தேன். ஏதோ நேரம் பேசுகிறார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் ராகு காலம் முடிந்து முகூர்த்தம். மதியத்துக்குப் பிறகு அந்த ஹாலில் பிங்கோ ஆட்டம் இருந்ததால், சாஸ்திர அங்கிள் மந்திரங்களை எக்ஸ்பிரஸ் வேகத்தில் விட்டார். ஷூவைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். பைப் வாசிப்பவரின் சாக்ஸில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அவர் சுருதி சேர்த்தார், சேர்த்தார், சேர்த்துக்கொண்டே இருந்தார். அங்கிள் மந்திரத்துக்கு நடுவில் வாட்சைப் பார்த்தார். அப்பா அவசரத்துக்கு இருக்கட்டும் என்று டூ-இன்-ஒன்னில் கேசட்டைப் போட்டுத் தயாராக வைத்தார்.

மாமா தாலியைக் கையில் எடுத்தார். அங்கிள் விரலைத் தூக்கி, "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்று கத்தினார்.

வந்தது கெட்டி மேளம் இல்லை. சுருதிக்கு மேல் ஒரே ஒரு குழல் மெதுவாக ஏறியது. ஏறி, ஓர் இடத்தில் நின்று, அந்த ஸ்வரத்தை விட மனமில்லாமல் வளைத்து வளைத்து, பிறகு இறங்கியது. தாளம் இல்லை. ஆனால் அங்கிள் கேட்டபடி, வேறு எந்தச் சத்தமும் இல்லை. யாரும் தும்மவில்லை, இருமவில்லை. கைக்குழந்தை ஒன்று அழுகையைப் பாதியில் நிறுத்தியது. மாமா முடிச்சுப் போடும்போது அவர் கன்னம் நனைந்திருந்தது. குனிந்திருந்த அத்தையின் முதுகு குலுங்கியது. அட்சதையைப் போடவே சிலர் மறந்துவிட்டார்கள். அது முடிந்ததும் சாஸ்திர அங்கிள் அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தெய்வீகம்! தெய்வீகம்!" என்றார்.

ஆம், சொன்னார். என் காதால் கேட்டேன். கிரகப்பிரவேசத்தில் கதை சொல்லும்போது இந்த 'தெய்வீகம்' மட்டும் எப்படியோ காணாமல் போய்விடுகிறது.

சாப்பாட்டு நேரம் வந்தது. வாழை இலைக்குப் பதில் பச்சை நிறக் காகிதத் தட்டு, ரசம் ஊற்றினால் ஓடிவிடும். சாஸ்திர அங்கிள் தட்டோடு பைப் வாசிப்பவரிடம் போய்க் கையைக் குலுக்கி, அது எந்தச் சாமி மேல் பாடின பாட்டு என்று கேட்டார்.

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். சாமிப் பாட்டு இல்லை என்றார். எங்கள் கரையில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காகப் பெண்கள் அழுகிற பாட்டு, என் பாட்டியின் பாட்டி பாடியது என்றார்.

தட்டிலிருந்து ரசம் ஓடியதை அங்கிள் கவனிக்கவில்லை. "ஒப்பாரியா? தாலி கட்டறச்சே ஒப்பாரியா வாசிச்சே?" தமிழில் கத்தி, பிறகு நினைவு வந்து இங்கிலீஷில் கத்தினார். அப்பா ஓடி வந்தார். இன்னும் நாலு பேர் ஓடி வந்தார்கள். அபசகுனம் என்றார் ஒருவர். அதுவும் இந்தப் பெண்ணுக்கா என்றார் இன்னொருவர். சற்று முன் கண்ணைத் துடைத்துக்கொண்ட அதே ஆட்கள். "உங்களை நம்பிக் கூப்பிட்டோமே, உங்களுக்குப் புத்தி இருக்கா?" என்று அப்பா இங்கிலீஷில் கேட்டார். அந்த மனிதர் காது வரை சிவந்து, ஓட்டை சாக்ஸைப் பார்த்தபடி நின்றார். அவர் தங்கை பேச வாயெடுத்தாள், அவர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

அத்தை சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்தாள்.

"அவரைத் திட்டாதீங்க. நான்தான் அதை வாசிக்கச் சொன்னேன்."

"என்ன பாட்டுன்னு தெரிஞ்சேவா?" என்றார் அப்பா.

"தெரிஞ்சேதான். ட்ரம் வேணாம்னீங்க. டான்ஸ் பாட்டு வேணாம்னீங்க. அப்புறம் என்கிட்ட மிச்சம் இருக்கிறதெல்லாம் செத்தவங்க பாட்டுதாங்கன்னு அவர் சொன்னார். சரி, அப்ப அவங்களுக்கே வாசிங்கன்னேன்." அத்தை, வீட்டில் யாரும் சொல்லக் கூடாத அந்தப் பெயரைச் சொன்னாள். முதல் புருஷனின் பெயரை, எல்லார் எதிரிலும், சாதாரணமாக. "அவருக்கும், இவரோட அம்மாவுக்கும். ரெண்டு பேருக்காகவும் எங்களை யாரும் வாய்விட்டு அழவே விடலை."

"ஓம். என்னட்டையும் கேட்டவ" என்றார் மாமா பின்னாலிருந்து. "நான்தான் ஓமெண்டு சொன்னனான்."

யாராவது அதோடு விட்டிருக்கலாம். சாஸ்திர அங்கிள் விடவில்லை. குரலைத் தாழ்த்தி, குழந்தைக்கு மருந்து கொடுக்கும் தொனியில் சொன்னார்: "உன் மனசு புரியறது குழந்தே. ஆனா சாஸ்திரம்னு ஒண்ணு இருக்கோன்னோ? பத்து நிமிஷம். கேசட் ரெடியா இருக்கு. முறையா மேளத்தைப் போட்டு, தாலியை ஒரு தடவை மறுபடி கட்டிடலாம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"கேளும்மா" என்றார் அப்பா. அவர் விரல் டூ-இன்-ஒன்னின் பட்டன்மேல் இருந்தது.

அத்தை அவரைப் பார்த்தாள். கோபமே இல்லை அவள் முகத்தில். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

"அண்ணா, என் முதல் கல்யாணத்துல மேளக்காரங்க எல்லாத்தையும் முறையாத்தான் வாசிச்சாங்க."

அப்பா பட்டனிலிருந்து விரலை எடுத்தார். சாஸ்திர அங்கிள் ரசம் ஓடிய தட்டைத் துடைக்கக் காகிதம் தேடிப் போனார். ஹாலில் எல்லாரும் அவரவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அத்தை தன் நர்ஸ் தோழியைப் பார்த்து, "அதை வெளியே எடு" என்றாள். அவள் உறையின் ஜிப்பைத் திறந்தாள். அவள் அண்ணன் பைப்பின் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை. தடுக்க இனி என்ன இருந்தது? அத்தை ஓர் இரும்பு நாற்காலியைத் தரதரவென்று இழுத்துவந்து, அவர்களுக்கு நேர் எதிரே, முழங்கால் முட்டும் தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள். அம்மா ஒரு கப் பாயசத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, தனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.